வாத்தியாருக்கு நன்றி சொல்லாவிட்டால் நன்றிகெட்டவனா?

கடைசிபெஞ்ச் | திங்கள், இரவு 9.40

நேற்று வரை நல்லவனாகத்தான் இருந்தேன். எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விழா ஏற்பாடு நடக்கிறது. அந்தக் கால ஆசிரியர்களை அழைத்து, மேடையேற்றி, ஆளுக்கொரு கேடயம் கொடுத்து நன்றி சொல்வது திட்டம். கணக்கு சாரைப் பற்றி இரண்டு நிமிடம் பேச என் பெயரைப் போட்டிருந்தார்கள். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார்கள், சொன்னேன். அதிலிருந்து குழுவில் என் பெயர் நன்றிகெட்டவன்.

இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்பில் அவர் விடைத்தாள் கொடுப்பது குறைந்த மதிப்பெண்ணிலிருந்து தொடங்கும். முதல் பெயர் யாருடையதோ அவன் கரும்பலகைக்குப் பக்கத்தில் போய், சுவரைப் பார்த்தபடி நிற்க வேண்டும். அடுத்த தேர்வில் அவனை விடக் குறைவாக ஒருவன் வாங்கினால்தான் விடுதலை. இரண்டு தேர்வுக்கும் நடுவில் ஐந்து வாரம். கணக்குப் பாடவேளை முழுக்க நின்றேன். அந்தச் சுவரில் சுண்ணாம்பு உப்பி, மாடு ஒன்று படுத்திருப்பது மாதிரி ஒரு வடிவம் இருக்கும். கண்ணை மூடினால் அது இன்றைக்கும் வருகிறது. பின்னக் கணக்குதான் வருவதில்லை.

சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலைக்கு எதற்கு வாழ்நாள் கடன்? பஸ் ஓட்டுநர் பல வருடம் என்னைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவருக்கு யார் கேடயம் கொடுத்தார்கள்? மாதா, பிதா, குரு, தெய்வம் என்று வரிசை கட்டி வைத்ததால் வந்த வினை இது. தெய்வத்துக்கே முந்தின இடத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் போய், ஏன் சார் என்னைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தீர்கள் என்று யார் கேட்பது?

வாருங்கள், விவாதிக்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: ஹெலன் கெல்லர் கதையை மட்டும் எடுக்காதீர்கள். குழுவில் நேற்றே நான்கு முறை வந்துவிட்டது.

அக்னிப்பூ | திங்கள், இரவு 9.58

அடி வாங்கியதால்தான் நம் தலைமுறை ஒழுங்காக வந்தது. சுவரைப் பார்த்து நின்றதெல்லாம் ஒரு தண்டனையா? எங்கள் காலத்தில் முட்டி போட்டிருக்கிறோம், அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். நீங்கள் இன்றைக்கு நாலு வரி பிழையில்லாமல் எழுதுகிறீர்கள் என்றால் அதுவும் ஒரு வாத்தியார் போட்ட பிச்சைதான். அதை மறந்தால் எப்படி?

கடைசிபெஞ்ச் | திங்கள், இரவு 10.03

எழுத்து, தமிழ் டீச்சர் கொடுத்தது. அவர் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. பில்லைச் சரியான ஆள் பேருக்குப் போடுங்கள்.

மழைநாள் | திங்கள், இரவு 11.15

கடைசிபெஞ்ச், உங்கள் கணக்கு சாருக்கு நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் 'சம்பளம் வாங்கினார், கணக்கு முடிந்தது' என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

எனக்குத் திக்கும். இப்போது குறைவு, அப்போது அதிகம். மற்ற பிள்ளைகளுக்கு வருகைப் பதிவு என்பது இரண்டு நிமிடச் சடங்கு. எனக்கு அதனால் காலையில் வாயில் வைத்தது தொண்டைக்குக் கீழே இறங்காது. 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும். அந்த 'உ' வராது. உதடு குவிந்து நிற்கும், காற்று நின்றுவிடும். என் எண் 23. பத்தொன்பதைக் கூப்பிடும்போதே கழுத்து இறுகத் தொடங்கும். பின்னாலிருந்து ஒருவன் எனக்காக 'உ... உ...' என்று எடுத்துக் கொடுப்பான். வகுப்பு சிரிக்கும். இது ஏழு வருடம்.

எட்டாம் வகுப்பில் புதிதாக ஒரு வகுப்பாசிரியர் வந்தார். இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "இனிமேல் யாரும் வாயைத் திறக்க வேண்டாம். பெயர் சொன்னால் கையைத் தூக்கு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். காரணம் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. திரும்பியிருந்தால் வகுப்பு முழுக்க என் பக்கம் திரும்பியிருக்கும். அன்றைக்கு 23 வந்தது, கையைத் தூக்கினேன், 24 வந்தது. அவ்வளவுதான் நடந்தது. எனக்கு நடந்த பெரிய விஷயங்களில் அது ஒன்று.

இது எந்தச் சம்பளக் கணக்கில் வரும், சொல்லுங்கள்.

கடைசிபெஞ்ச் | திங்கள், இரவு 11.32

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பொய் சொல்லவில்லை.

ஆனாலும் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் உங்களுக்காகத்தான் செய்தார் என்று எப்படித் தெரியும்? காலங்காத்தாலே ஒரு வகுப்பே ஒவ்வொருவராகக் கத்துகிறது. மனிதருக்குத் தலைவலியாக இருந்திருக்கலாம். நீங்கள் கேட்டீர்களா?

மழைநாள் | திங்கள், இரவு 11.36

கேட்டதில்லை.

சராசரி | செவ்வாய், காலை 7.20

இரண்டு பேரும் ஆளுக்கொரு கதை சொல்லிவிட்டீர்கள். கொஞ்சம் கணக்குப் பக்கமும் வரலாம் (கடைசிபெஞ்ச் மன்னிக்கவும்).

ஒரு ஆசிரியரால் உண்மையிலேயே எவ்வளவு மாறுகிறது என்பதை அமெரிக்காவில் மூன்று பொருளாதார அறிஞர்கள் பெரிய அளவில் பார்த்திருக்கிறார்கள். ராஜ் செட்டி, ஜான் ஃப்ரீட்மன், ஜோனா ராக்காஃப், 2014-இல் வெளிவந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பள்ளிப் பதிவுகளை, அவர்கள் வளர்ந்த பிறகு கட்டிய வரிப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்தார்கள். மதிப்பெண்ணை நன்றாக உயர்த்தக்கூடிய ஆசிரியரிடம் ஒரே ஒரு வருடம் படித்தவர்கள் 28 வயதில் சம்பாதித்தது சுமார் 1.3 சதவீதம் கூடுதல். கல்லூரிக்குப் போகும் வாய்ப்பும் கூடியிருந்தது.

கடைசிபெஞ்ச் | செவ்வாய், காலை 7.41

1.3 சதவீதத்துக்கா இவ்வளவு பெரிய மேடை?

சராசரி | செவ்வாய், காலை 8.05

ஒரு வருடம், ஒரு ஆசிரியர், பல ஆண்டுகளுக்குப் பிறகும் வருமானத்தில் தெரிகிறது. அதையே ஒரு வகுப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும், அத்தனை வேலை வருடங்களுக்கும் பெருக்கிப் பாருங்கள். சின்னத் தொகை கிடையாது.

ஆனால் எனக்கு இன்னொரு ஆய்வுதான் முக்கியம். கிராபோ ஜாக்சன் என்பவர் 2018-இல் வெளியிட்டது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காக வருகிறதா, ஒழுங்கு நடவடிக்கையில் மாட்டுகிறதா, அடுத்த வகுப்புக்குப் போகிறதா என்று பார்த்தார். இவற்றை மாற்றும் ஆசிரியர்கள் வேறு, மதிப்பெண்ணை ஏற்றும் ஆசிரியர்கள் வேறு. இரண்டு கூட்டமும் பெரிதாக ஒன்றின் மேல் ஒன்று பொருந்தவில்லை. பள்ளிப் படிப்பை முடிப்பதில் முதல் கூட்டத்தின் கைதான் கூடுதலாகத் தெரிந்தது. மழைநாளின் ஆசிரியர் அந்தக் கூட்டமாக இருக்கலாம். எந்த மதிப்பெண் பட்டியலிலும் அவர் தென்பட்டிருக்க மாட்டார்.

அக்னிப்பூ | செவ்வாய், காலை 8.30

நன்றிக்கு சதவீதம் பார்க்கும் காலம் வந்துவிட்டது! உருப்ப... (நெறியாளரால் நீக்கப்பட்டது)

நெறியாளர் | செவ்வாய், காலை 8.44

அக்னிப்பூ, அந்தச் சொல் வாதம் ஆகாது. கருத்தோடு மோதுங்கள்.

சாக்பீஸ் | செவ்வாய், பிற்பகல் 2.10

நான் 31 வருடம் வகுப்பெடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள். இந்தத் திரியைக் காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசிபெஞ்ச் தம்பி, நீ மேடையேற வேண்டாம். 'எல்லாரும் சொல்கிறார்கள், இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போயேன்' என்பவர்கள் பேச்சைக் கேட்காதே. அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டுவிட்டு அந்த மனிதர் தான் செய்தது சரிதான் என்று வீட்டுக்குப் போவார்.

என் பங்கையும் சொல்கிறேன். என்னைத் தேடி வந்து நன்றி சொன்ன பிள்ளைகள் உண்டு. அவர்கள் சொல்லும் சம்பவங்களில் பாதி எனக்கு நினைவிருக்காது. 'ஆமாம் ஆமாம்' என்று தலையாட்டுவேன். எனக்கு அச்சு அசலாக நினைவிருப்பவை நான் செய்த தப்புகள். ஒரு பெண், ஒன்பதாம் வகுப்பு. கட்டுரை எழுதிக்கொண்டு வந்தாள், அவ்வளவு நன்றாக இருந்தது. வகுப்பு நடுவில் எழுப்பி, "இது நீ எழுதியதா?" என்று கேட்டேன். 'ஆமாம் டீச்சர்' என்றாள். "எங்கே, இதே மாதிரி இன்னொரு பத்தி இப்போதே எழுது" என்றேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, நின்றபடியே டெஸ்க் மேல் குனிந்து எழுதினாள். அதுவும் நன்றாகவே இருந்தது. நான் 'சரி, உட்கார்' என்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வருடம் முடிகிற வரை அவள் கட்டுரை நோட்டில் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதவே இல்லை. அவள் என்னைத் தேடி வந்ததில்லை.

வருகிறவர்களை வைத்து நாங்கள் எங்களை எடை போட்டுக்கொள்கிறோம். வராதவர்கள் கணக்கில் வருவதே இல்லை.

கடைசிபெஞ்ச் | செவ்வாய், பிற்பகல் 2.37

நன்றி டீச்சர். (பார்த்தீர்களா, எனக்கும் அந்த வார்த்தை வரும்.)

சாக்பீஸ் | செவ்வாய், பிற்பகல் 3.02

அவசரப்படாதே, உன்னோடு எனக்குச் சண்டையும் இருக்கிறது.

அந்த சம்பள வாதம். 'சம்பளம் வாங்கினாயே' என்பதும், 'நீ தெய்வம்' என்பதும் எங்களுக்கு ஒரே ஆளிடமிருந்து வருகிற இரண்டு அடி. மேடையில் தெய்வம் என்பார்கள், சம்பள உயர்வு கேட்டால் 'இது சேவை இல்லையா' என்பார்கள். தெய்வம் எங்கேயாவது சம்பள பாக்கி கேட்குமா? அக்டோபர் 5 உலக ஆசிரியர் தினம் என்று எல்லாருக்கும் தெரியும். எதற்காக அந்தத் தேதி? 1966-இல் அதே நாளில் பாரிஸில் நடந்த மாநாட்டில், ஆசிரியர்களின் நிலை பற்றிய பரிந்துரை ஒன்று ஏற்கப்பட்டது. யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து கொண்டு வந்தது. உள்ளே இருப்பது என்ன? சம்பளம், வேலை நேரம், பயிற்சி, விடுப்பு, வேலைப் பாதுகாப்பு, ஆசிரியரின் உரிமை, அவருடைய பொறுப்பு. அதை நினைவில் வைத்து 1994 முதல் தினம் கொண்டாடுகிறார்கள். ஒரு தொழிலாளர் ஆவணத்தின் பிறந்த நாள் அது. நாம் அதை வாழ்த்து அட்டை நாளாக்கி வைத்திருக்கிறோம்.

கேடயத்தை விட எனக்கு அந்தக் காகிதம் பிடிக்கும். கேடயம் துடைக்க வேண்டும்.

ரப்பர்ஸ்டாம்ப் | செவ்வாய், இரவு 8.15

டீச்சர் சொன்ன அதே பரிந்துரையில் 'ஆசிரியர்' என்றால் பள்ளியில் மாணவர்களின் கல்விக்குப் பொறுப்பானவர்கள் என்று இருக்கும். அதில் நான் வர மாட்டேன். நான் பள்ளி அலுவலகத்தில் கிளார்க். 22 வருடம் ஆகிறது. வாட்ச்மேன், ஆயா, ஆய்வக உதவியாளர், பியூன் யாரும் வர மாட்டோம். கடைசிபெஞ்ச் முதல் பதிவில் பஸ் ஓட்டுநர் என்று போகிற போக்கில் ஒரு வரி சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு யாராவது பேசுவீர்கள் என்று பார்த்தேன், ஒருவரும் பேசவில்லை.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் ஒரு அம்மா இருந்தார். கட்டணம் பாக்கி வைத்தவர்கள் பட்டியலை வகுப்புக்கு அனுப்பி வாசிக்கச் சொல்வது வழக்கம். பெயர் வந்தால் பிள்ளை எழுந்து நிற்க வேண்டும். இந்த அம்மா பட்டியலை மேலே அனுப்பவே மாட்டார். இடைவேளையில் பியூனை விட்டு ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிடுவார். கூப்பிடும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: 'உன் பிறந்த தேதியில் ஒரு சந்தேகம், வந்து சரிபார்.' பிள்ளை வந்ததும் பெரிய பதிவேட்டை நிஜமாகவே விரித்து வைப்பார். தேதியைக் காட்டுவார். 'சரிதானே?' என்பார். பிறகு நாலாக மடித்த ஒரு தாளைக் கொடுத்து, வீட்டில் கொடு, பையிலேயே வை என்பார். வகுப்புக்குத் திரும்பும் பிள்ளை தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம், பிறந்த தேதி பார்த்தார்கள் என்று.

ஒரு வருடம் ஒரு பையன் மட்டும் மூன்று முறை வந்துவிட்டான். மூன்றாவது முறை அவனே, 'என் பிறந்த தேதி இன்னும் சரியாகலையா மேடம்?' என்று கேட்டான். அந்த அம்மா, 'உங்கப்பாவைப் போய்க் கேள், எப்போ பிறந்தேன்னு' என்று சிரித்தார். அவனும் சிரித்தான். இரண்டு பேருக்கும் விஷயம் தெரியும்.

அவர் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் நாங்கள் நாலு பேர் ஒரு பேனா வாங்கிக் கொடுத்தோம். பழைய மாணவர் யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? வெளியே தெரியக் கூடாது என்றுதானே அவர் எல்லாம் செய்தார்.

மழைநாள் | செவ்வாய், இரவு 8.50

அந்தப் பதிவேடு விரித்து வைத்த இடத்தில் நின்றுவிட்டேன். சும்மா கையில் தாளைக் கொடுத்திருந்தாலும் வேலை முடிந்திருக்கும்.

நீலமை | செவ்வாய், இரவு 9.20

இங்கே எழுதுவது இதுதான் முதல் முறை. எங்கள் பள்ளி ஆயாவின் துடைப்ப அலமாரியில், வாளிக்குப் பின்னால் ஒரு துணிப்பை இருக்கும். அதில் துவைத்து மடித்த இரண்டு பாவாடை, நாப்கின். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் தெரியும். எந்த ஆசிரியரும் சொல்லித் தரவில்லை, அக்காக்கள் தங்கைகளுக்குச் சொல்வார்கள். ஆயா பெயர் எனக்குத் தெரியாது. ஏழு வருடம் அந்தப் பள்ளியில் படித்தேன். ஆயா என்றுதான் கூப்பிட்டோம்.

அக்னிப்பூ | புதன், காலை 6.55

ஆயாவையும் கிளார்க்கையும் யாரும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பேச்சு எங்கேயோ போகிறது. ஒரு நோபல் பரிசுக்காரர் கதையைச் சொல்கிறேன். பிரெஞ்சு எழுத்தாளர் அல்பேர் காம்யு. குழந்தையாக இருக்கும்போதே அப்பா முதல் உலகப் போரில் செத்துவிட்டார். அம்மா வீட்டு வேலை செய்து பிழைத்தவர். பாட்டிக்குப் பையன் சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும். தொடக்கப்பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மேன் வீட்டுக்கே வந்து பேசி, தனியாகச் சொல்லிக் கொடுத்து, உதவித்தொகைத் தேர்வு எழுத வைத்தார். 1957-இல் பரிசு கிடைத்ததும் காம்யு அவருக்குக் கடிதம் எழுதினார்: செய்தி வந்தபோது அம்மாவுக்கு அடுத்து நினைத்தது உங்களைத்தான் என்று. அது நன்றி! இப்போது கேளுங்கள். காம்யு பாதியில் விட்டுச் செத்துப்போன நாவல் ஒன்று 1994-இல் வெளிவந்தது. அதில் இதே ஆசிரியரின் சாயலில் ஒருவர் வருகிறார். அவர் மரக்கோலால் பிள்ளைகளை அடிக்கிறவர்தான்! அடித்த கைக்குத்தான் அந்தக் கடிதம். என்ன சொல்கிறீர்கள்?

கடைசிபெஞ்ச் | புதன், காலை 7.30

அக்னிப்பூ, இந்தத் திரியில் நீங்கள் எழுதியதிலேயே உருப்படியான பதிவு இது. (நெறியாளர் கவனிக்க, 'உருப்படி'தான் சொன்னேன்.)

ஆனால் கடிதம் அடிக்கு எழுதப்பட்டதில்லையே. ஏழைச் சிறுவனாக இருந்த தனக்கு நீட்டிய கைக்கு, கற்பித்ததற்கு, முன்மாதிரியாக இருந்ததற்கு என்றுதான் அதில் இருக்கிறது. பாட்டியிடம் வந்து பேசியதையும் மரக்கோலையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்பது நீங்கள். அப்புறம், காம்யுவை யாரும் பட்டியலில் பெயர் போட்டு இரண்டு நிமிடம் ஒதுக்கி எழுதச் சொல்லவில்லை. அவருக்கே தோன்றியது, உட்கார்ந்து எழுதினார்.

அடியை மறக்கச் சொல்லும் உரிமை மட்டும் யாருக்கும் இல்லை. 1989-இல் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை வந்தபோதே, பள்ளி ஒழுங்குமுறை குழந்தையின் மனித மாண்புக்கு ஒத்துத்தான் இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். ஐந்து வாரம் சுவரைப் பார்த்து நிற்பதில் மாண்பு எங்கே இருக்கிறது?

அக்னிப்பூ | புதன், காலை 7.48

சரி, பொட்டலம் என்பதை யோசிக்கிறேன். என்னை அடித்தவரும், தேர்வுக் கட்டணம் கட்டியவரும் ஒரே ஆள். பிரித்துப் பார்த்ததில்லை. பிரிக்கவும் எனக்கு இஷ்டமில்லை. அது என் பாடு.

சாக்பீஸ் | புதன், காலை 9.15

அக்னிப்பூ சார், அதை முதல் நாளே இப்படிச் சொல்லியிருந்தால் நெறியாளருக்கு ஒரு வேலை மிச்சம்.

சராசரி | புதன், மதியம் 12.30

மழைநாளிடம் ஒரு கேள்வி. அந்த ஆசிரியர் இருக்கிறாரா? இருந்தால் ஏன் இன்னும் சொல்லவில்லை?

கேட்பதற்குக் காரணம் உண்டு. அமித் குமார், நிக்கலஸ் எப்லி இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதுபவர்களிடம் முன்கூட்டியே கேட்டார்கள்: வாங்குபவருக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும், எவ்வளவு சங்கடமாக இருக்கும் என்று. பிறகு வாங்கியவர்களிடமும் கேட்டார்கள். எழுதியவர்கள் மகிழ்ச்சியைக் குறைத்தும் சங்கடத்தைக் கூட்டியும் மதிப்பிட்டிருந்தார்கள். 'என்ன நினைப்பாரோ' என்று தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை என்றுதான் அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. நானும் தள்ளிப்போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அது வேறு.

கடைசிபெஞ்ச் | புதன், மதியம் 12.52

அதே மாதிரி 2005-இல் ஒன்று வந்ததே. உளவியலாளர் செலிக்மன் குழு. நன்றிக் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். சொன்னவருக்கு மகிழ்ச்சி ஏறியது, ஒரு மாதம் வரை நின்றது, அப்புறம் தேய்ந்துவிட்டது. ஆக, நன்றி சொல்வது சொல்பவருக்கு ஒரு மாதத்து டானிக். அதையாவது ஒப்புக்கொள்ளலாம் இல்லையா?

ரப்பர்ஸ்டாம்ப் | புதன், மதியம் 1.20

ஒரு மாதத்துக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டால் எனக்கு இன்னும் நாலு வருடத்துக்கு ஆள் இருக்கிறது.

மழைநாள் | புதன், இரவு 10.40

இருக்கிறார். முகவரி கையிலேயே இருக்கிறது, ஆறு வருடமாக. ஏன் சொல்லவில்லை என்றால், போன் பேச எனக்குப் பயம். எழுதலாம் என்றால் 'என் வாழ்க்கையை மாற்றியவரே' என்று ஆரம்பிக்கிறது பேனா. எனக்கே பிடிக்காமல் கிழித்துவிடுவேன்.

சாக்பீஸ் | புதன், இரவு 10.58

மாற்றியவரே கீற்றியவரே எல்லாம் வேண்டாம். எந்த வகுப்பு, எந்த எண், என்ன நடந்தது. மூன்று வரி போதும். வாங்கும் பக்கத்தில் இருந்தவள் சொல்கிறேன்: 'உங்களால்தான் நான் இன்று இப்படி' என்று வருகிற கடிதத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியாது. ஒரு பிள்ளை, 'நீங்கள் எனக்கு ஜன்னல் பக்கத்தில் இடம் மாற்றிக் கொடுத்தீர்கள்' என்று எழுதியிருந்தது. அந்தக் கடிதம்தான் என்னிடம் இருக்கிறது.

கடைசிபெஞ்ச் | வியாழன், மாலை 6.05

ஒரு சின்னத் தகவல். இந்தத் திரியைப் படித்துவிட்டு எங்கள் குழுவில் கேட்டேன்: கணக்கு சாருக்குப் பதிலாக தமிழ் டீச்சரைப் பற்றிப் பேசுகிறேன், கூடவே அலுவலகத்தில் இருந்தவர்களையும் வாட்ச்மேனையும் அழைக்கலாமா என்று. தமிழ் டீச்சருக்கு ஏற்கனவே ஆள் போட்டாயிற்றாம். மற்றவர்களை அழைப்பது நல்ல யோசனைதானாம், ஆனால் அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டதாம். வாட்ச்மேன் பெயர் யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். எண்பத்தி நாலு பேர் இருக்கும் குழு. எண்பது நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

நீலமை | வியாழன், மாலை 6.30

:(

மழைநாள் | அடுத்த புதன், இரவு 9.10

கடிதம் போட்டேன். சாக்பீஸ் டீச்சர் சொன்ன மாதிரி மூன்று வரி. அது ஏழு வரியாகிவிட்டது. பதில் வந்துவிட்டது, ஒன்றரைப் பக்கம், அதே சாய்ந்த கையெழுத்து.

நான் யார் என்று அவருக்கு நினைவில்லை. பெயரும் இல்லை, 23-ம் இல்லை. ஆனால் கை தூக்கச் சொன்னது நன்றாக நினைவிருக்கிறதாம். அந்த வருடம்தான் அவருக்குக் காது மந்தமாக ஆரம்பித்திருக்கிறது. பின் வரிசையிலிருந்து வந்த 'உள்ளேன்' எதுவும் காதில் விழவில்லை. வந்த பிள்ளைக்கு வரவில்லை என்று இரண்டு நாள் குறித்துவிட்டார். தலைமை ஆசிரியருக்குத் தெரிந்தால் வேலைக்கே சிக்கல் என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் பதிவு எடுக்கும் முறையை மாற்றிவிட்டார்.

'உனக்குத் திக்கியது எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை, உன் குரல் எனக்குக் கேட்டிருக்கவே கேட்காது' என்று எழுதியிருக்கிறார்.

கடைசிபெஞ்ச் | அடுத்த புதன், இரவு 9.14

தலைவலி என்றேன். கிட்டத்தட்டத் தொட்டிருக்கிறேன்.

சும்மா கேட்கிறேன், கொடுத்த நன்றியைத் திருப்பி வாங்கிக்கொள்ளப் போகிறீர்களா?

மழைநாள் | அடுத்த புதன், இரவு 9.31

இரண்டு நாள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரே வகுப்பில், ஒரே நேரத்தில், இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் அதே 'உள்ளேன் ஐயா'வுக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம். இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை. திருப்பி வாங்கத் தோன்றவில்லை.

வருகிற ஞாயிறு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். கடிதத்தின் அடியில் தனியாகக் கோடு போட்டு ஒரு குறிப்பு: காது இப்போது ரொம்ப மோசம், வந்தால் கொஞ்சம் சத்தமாகவும் நிறையவும் பேச வேண்டியிருக்குமாம்.

என்னைப் போய்.